பட்டணப் பிரயாணம்: யார் செல்வது? எதற்குச் செல்வது?

(கம்மாபுரம் வட்டாரக் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

சங்க அங்கத்தினர்களைச் சென்னைப் பட்டணத்திற்கு இரண்டு நாள் அழைத்துச் சென்று வரவேண்டும் என்னும் யோசனை, நம் பகுதியில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சங்கத்தின் கூட்டத்தில் எழுகின்றது. எழுந்த உடனேயே அது இரண்டு கட்சிகளை உண்டாக்கிவிடுகின்றது. தறியை நிறுத்திவிட்டும் வயலை விட்டுவிட்டும் ஊர் சுற்றப் போவது வீண் செலவு என்பர் ஒரு கட்சியார். சங்கத்தில் பணம் இருக்கிறது. நாலு இடம் பார்த்து வந்தால் என்ன குறைந்துவிடும் என்பர் மற்றொரு கட்சியார். இவ்விரு வாதங்களையும் பலமுறை கேட்டவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைக் கூட்டுறவு அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன். பிரயாணம் வேண்டும். ஆனால், வழக்கமாக நடைபெற்றுவரும் முறையில் வேண்டா.

வழக்கமான முறை யாது? நிர்வாகத்தில் இருப்போரும் அவர்க்கு வேண்டியோரும் ஒரு வாகனம் அமர்த்திக்கொண்டு புறப்படுவர். கடற்கரை, கடைவீதி, கோயில் ஆகியவற்றைக் கண்டு திரும்புவர். சங்கக் கணக்கில் ‘கல்விப் பிரயாணச் செலவு’ என்று ஒரே வரி எழுதப்பெறும். சென்றவர் யார், கண்டது என்ன, அதனால் சங்கத்திற்கு விளைந்த பயன் யாது என்று வினவினால் விடை கிடையாது. பெயர்ப் பட்டியலும் இல்லாமல், பார்வையிட்ட நிலையத்தின் பெயரும் இல்லாமல், மொத்தத் தொகை மட்டும் காட்டிய கணக்குகளை நான் கண்டதுண்டு. அத்தகைய பிரயாணத்தை எதிர்ப்போர் சினங்கொள்வதில் நியாயம் இருக்கின்றது. எனினும், சோறு குழைந்துவிட்டது என்பதற்காக எவரும் அடுப்பை இடித்துவிடுவதில்லை. சமைக்கும் முறையைத் திருத்துவதே அறிவுடைமை.

ஏன் செல்ல வேண்டும்?

நெசவாளி தன் கைத்துணியைச் சங்கத்தில் கொடுத்துக் கூலி பெறுகின்றார். அதன்பின் அத்துணி எங்கே போகின்றது, எந்த அலமாரியில் எத்தனை நாள் கிடக்கின்றது, என்ன விலைக்கு யார் வாங்குகின்றனர் என்பது அவர் அறியாதது. விவசாயியின் நிலையும் அதுவே. வாழைத்தாரும் கத்தரிக்காயும் லாரியில் ஏறிய பிறகு அவற்றின் கதை அவருக்குத் தெரிவதில்லை. பொருளை உண்டாக்குபவர் ஒரு கோடியில். அதை நுகர்பவர் மறு கோடியில். நடுவே உள்ள வழி முழுதும் இருட்டு. இருட்டில் இரண்டு வகைத் தவறான எண்ணங்கள் வளரும். நடுவில் இருப்போர் அனைவரும் கொள்ளையர் என்பது ஒன்று. கிடைத்ததே போதும், நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முன்னது வீண் பகையை வளர்க்கும். பின்னது முயற்சியைக் கெடுக்கும். இரண்டும் சங்கத்திற்குக் கேடு.

கூட்டுறவு இயக்கத்தின் மூலவர்களே நெசவூரில் தோன்றியவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் நெசவூரில் 28 பேர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு பலசரக்குக் கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளிகளும் பிற தொழிலாளிகளும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் எங்கிருந்து என்ன விலைக்கு வருகின்றன என்பதைத் தாமே அறிந்து, தாமே வாங்கி, சரியான எடையில் விற்கத் துணிந்ததுதான் அவர்கள் செய்த புரட்சி. சந்தையை அறிவதே கூட்டுறவின் முதற்பாடம். அப்பாடத்தை நேரிற் காண்பதற்கு நமக்கு அருகில் உள்ள பெரிய பள்ளிக்கூடம் சென்னை.

ஐக்கிய நாடுகள் சபை 2012-ஆம் ஆண்டையும் 2025-ஆம் ஆண்டையும் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டுகளாக அறிவித்தது. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரமும் கொண்டாடுகின்றோம். கொடி ஏற்றுகின்றோம், உறுதிமொழி எடுக்கின்றோம். ஆயினும் அங்கத்தினரிற் பெரும்பாலோர் சங்கத்தைக் கடன் கொடுக்கும் ஓர் அலுவலகமாகவே கருதுகின்றனர். சொற்பொழிவினால் மாறாத இக்கருத்து, கண்ணாற் கண்டால் மாறக்கூடும்.

யார் செல்வது?

இதில்தான் சச்சரவு பிறக்கும். ஆதலின் விதிகளை முதலிலேயே பேரவைக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிவிடுதல் நலம். நிர்வாகக் குழு பொறுப்பில் இருப்பினும், தனி அலுவலர் பொறுப்பில் இருப்பினும், தீர்மானம் அங்கத்தினருடையதாக இருத்தல் வேண்டும்.

நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்தே செல்லவேண்டும் என்பது என் முதல் யோசனை. இருபது நெசவாளர், இருபது விவசாயிகள் என 40 பேர் கொண்ட கூட்டம் போதுமானது. துணி விற்பனையை விவசாயியும் பார்க்கட்டும். காய்கறிச் சந்தையை நெசவாளியும் பார்க்கட்டும். ஒருவர் பொருளை மற்றவர் வாங்குகின்றோம். ஆயினும் ஒருவர் தொழிலின் இடர்ப்பாட்டை மற்றவர் அறியோம். இரண்டு நாள் ஒன்றாக உண்டு உறங்கினால், இரண்டு சங்கங்களுக்கும் இடையே பத்து ஆண்டுகளில் உண்டாகாத உறவு உண்டாகும்.

இரண்டாவதாக, பெயர்களைத் திருவுளச்சீட்டு முறையில் எடுத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். ராட்டையில் நூல் சுற்றுபவரும் தார் சுற்றுபவரும் பெண்களே. நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் பெண்களே. பட்டணம் பார்க்கும் பேச்சு வந்தால் மாத்திரம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுகின்றது. ஒருமுறை சென்றவர் பெயர், மற்ற அனைவருக்கும் வாய்ப்புக் கிடைக்கும்வரை மீண்டும் சீட்டில் இடம்பெறலாகாது. நிர்வாகிகளும் ஊழியர்களும் 40 பேரில் மூவருக்கு மேற்படலாகாது.

மூன்றாவதாக நான் கூறப்போவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். கடன் தவணை தவறியவரை ஒதுக்கிவிட வேண்டும் என்று பலர் வாதிப்பர். ஆய்வாளனாகிய நானும் அவ்வாறே சொல்வேன் என எதிர்பார்ப்பர். நான் அவ்வாறு கருதவில்லை. தவணை வசூலுக்குச் சட்டத்தில் வேறு வழிகள் உள்ளன. பிரயாணத்தைப் பரிசாகவும் தண்டனையாகவும் மாற்றினால், பரிசு கொடுப்பவர் கை ஓங்கும். முகம் பார்த்துப் பரிமாறுதல் தொடங்கும். தவிரவும், சங்கத்தின் பணம் யாருடைய பணம் என்பதை நன்கு உணரவேண்டியவர் தவணை தவறியவரே அல்லவா?

செலவு

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பழமொழி. சங்கத்தின் நடைமுறை மூலதனத்தில் கைவைத்துப் பிரயாணம் செய்தல் எவ்வாற்றானும் தகாது. நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் உரம் வாங்கவும் உள்ள பணம் அது. துணைவிதிகள் இடந்தருமாயின், கல்விக்கும் பொதுநலத்திற்கும் ஒதுக்கிய நிதியிலிருந்து ஒரு பகுதி பெறலாம். அதற்கும் முன் அனுமதியும் தீர்மானமும் வேண்டும். பெரும்பகுதியைச் செல்பவரே சேமித்தல் சிறந்தது.

வைகாசி முதல் மாசி வரை பத்து மாதங்கள். மாதம் 100 ரூபாய் வீதம் சேமித்தால் ஒருவருக்கு 1,000 ரூபாய். 40 பேருக்கு 40,000 ரூபாய். இத்தொகையைச் சங்கத்தில் தனிக் கணக்காக வைத்துவரின் யாருக்கும் சுமை தெரியாது. சொந்தப் பணம் போட்டவர் கண் திறந்து பார்ப்பார், கேள்வியும் கேட்பார். இலவசமாகச் செல்பவர் உணவு சரியில்லை என்று மாத்திரம் கேட்பார்.

ரயிலில் முதியோர்க்கு இருந்த கட்டணச் சலுகை 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்கிட வேண்டா. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் வசதி 2021 முதல் தமிழகத்தில் உள்ளது. சென்னையில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ரூபாய்க் கணக்கில் வராத செலவு ஒன்றுண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நெசவாளிக்கு மாதச் சம்பளம் இல்லை. இரண்டு நாள் தறி நின்றால் இரண்டு நாள் கூலி போயிற்று. விவசாயிக்கோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் பால் கறக்கவும் ஆள் வேண்டும். எனவே, பாவு ஒன்று முடிந்து அடுத்த பாவு ஏற்றுவதற்கு இடைப்பட்ட நாட்களாகப் பார்த்து நெசவாளர் தம் பெயரைக் கொடுத்தல் நன்று. செல்லாதவர் செல்பவரின் மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு இவர் அவருக்குச் செய்யட்டும். இந்தக் கைமாற்று உதவி ஏற்பாட்டைச் செய்ய முடியாத சங்கம், கூட்டுறவு என்ற சொல்லைப் பலகையில் எழுதியிருப்பதில் பொருளில்லை.

காலமும் வண்டியும்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன் நெசவாளர்க்கு ஓய்வில்லை. தை மாதத்தில் சம்பா அறுவடை. சித்திரைக்குப் பின் வெயில். மார்ச் 31-இல் சங்கக் கணக்கு முடிவு. ஆக, விருத்தாசலம் மாசி மகத் திருவிழா கழிந்து, கணக்கு முடிவுக்கு முன் உள்ள சில நாட்களே இரு சாராருக்கும் ஏற்றவை. அவற்றுள்ளும் செவ்வாய், புதன் கிழமைகளே உகந்தவை. சனி, ஞாயிறுகளில் அலுவலகங்கள் இரா. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

விருத்தாசலம் சந்திப்பிலிருந்து சென்னை எழும்பூர் சுமார் 210 கிலோமீட்டர். ரயிலே சிக்கனம், பெண்களுக்கும் முதியோர்க்கும் வசதி. இப்போது முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகின்றது. ஒரு படிவத்தில் ஆறு பேருக்கு மேல் எழுத இயலாது. ஆகையால் பெரிய கூட்டத்திற்கு இடம் கேட்கும் முறையை நிலையத்தில் முன்னரே விசாரித்து, எழுத்து மூலம் விண்ணப்பித்தல் வேண்டும். எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணியை முன்னிட்டுச் சில வண்டிகள் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டதுண்டு. புறப்படும் முன் இதனையும் உறுதிசெய்துகொள்க. பேருந்தில் செல்வோர், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையம் நகரத்திற்கு வெகு தொலைவில் உள்ளது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அங்கிருந்து நகருக்குள் செல்லும் நேரத்தையும் கணக்கில் சேர்க்காவிடில், முதல் நாள் காலை வீணாகும்.

எவற்றைக் காண்பது?

இரண்டு நாட்களில் பத்து இடங்களைத் தொட்டுவிட்டு வருவதைவிட, நான்கு இடங்களில் நின்று பார்ப்பது மேல்.

முதல் இடம் எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமையகம், தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. ரயில் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. 1935-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் தொடக்க நெசவாளர் சங்கங்களின் துணிகளைக் கொள்முதல் செய்து விற்கும் தலைமைச் சங்கமாகும். நம் அங்கத்தினர் இங்கே வேடிக்கை பார்க்கச் செல்லலாகாது. கணக்குத் தாளோடு செல்ல வேண்டும். நம் சங்கத்தில் நெய்த ஒரு கைலிக்கோ ஒரு புடவைக்கோ நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, கூலி எவ்வளவு, சங்கத்தின் லாபம் எவ்வளவு என்று ஊரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதுபோன்ற துணியை விற்பனை நிலையத்தில் எடுத்து, அதில் ஒட்டிய விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தவுடன் முதலில் கோபம் வரும். கோபம் வரட்டும். பிறகு பொறுப்பான அலுவலரிடம் அமைதியாகக் கேளுங்கள். வண்டிச் சத்தம், கடையின் வாடகை, ஊழியர் சம்பளம், பண்டிகைத் தள்ளுபடி, விற்காமல் தங்கிய சரக்கில் முடங்கிய பணத்தின் வட்டி ஆகியவை ஒவ்வொன்றாக வெளிவரும். எது தவிர்க்க முடியாதது, எது குறைக்கக் கூடியது என்பது அப்போதுதான் விளங்கும். எந்த நிறம் விரைவில் விலைபோகின்றது, எந்தக் கரை யாருக்கும் வேண்டாமற் கிடக்கின்றது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலைபோகாத மாதிரியை ஆண்டுக்கணக்கில் நெய்துவிட்டுக் கொள்முதல் இல்லை என்று வருந்துவதில் பயனில்லை.

அதே சாலையில் 1851-இல் தோன்றிய அரசு அருங்காட்சியகம் உள்ளது. அங்குள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் செதுக்கிய ஆடைக் கரைகளை நெசவாளர் சற்று நின்று நோக்கட்டும். அழகிய கரை என்பது நேற்றுப் பிறந்த சரக்கன்று.

இரண்டாவது இடம் திருவல்லிக்கேணி. 1904-ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளுள் ஒன்று. அதே ஆண்டில்தான் இந்தியாவில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கமும் பதிவாயிற்று. அதற்கு வழிகோலிய அறிக்கையைப் பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் சென்னை அரசாங்கத்திற்கு அளித்தார். மறு ஆண்டில், அதாவது 1905-இல், பிறந்த வங்கியே இன்று மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாக விளங்குகின்றது. நம் ஊர்ச் சங்கத்துக் கடன் ரசீதின் வேர் இங்கே இருக்கின்றது என்பதை இளைஞர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

மாலையில் கடற்கரை செல்லுங்கள். கடல் பார்ப்பது குற்றமன்று. உழைத்த உடலுக்கு இரண்டு நாழிகைக் காற்று வாங்கும் உரிமை உண்டு. 1959-இல் அங்கு நிறுவப்பெற்ற, சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையையும் பாருங்கள். நால்வர் சேர்ந்து ஒரு பாறையை நெம்பும் அச்சிலையைவிடக் கூட்டுறவுக்குச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

மூன்றாவது இடம் கோயம்பேடு. நெரிசல் மிகுந்த கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் இங்கு மாற்றப்பட்டது. இரவில் லாரிகள் வரும்; விடியுமுன் விலை படியும். ஆதலால் அதிகாலை நான்கு மணிக்கே அங்கு நிற்க வேண்டும். மெட்ரோ ரயில் அந்நேரத்தில் ஓடாது. போகும்போது வாடகை வண்டி, திரும்பும்போது கோயம்பேட்டிலிருந்து எழும்பூருக்கு நேர் மெட்ரோ என அமைத்துக்கொள்ளலாம். இங்கே மூன்றே செய்திகளைக் கவனித்தாற் போதும். ஒரே காய், தரம் பிரித்து வந்தபோது என்ன விலை, கலந்து வந்தபோது என்ன விலை? கமிஷனும் சுமைக்கூலியும் சேர்ந்து மூட்டைக்கு எவ்வளவு? நசுங்கியும் அழுகியும் குப்பைக்குப் போவது எவ்வளவு? தரம் பிரித்தலும் சேதம் தவிர்த்தலும் நம் களத்திலேயே செய்யக்கூடியவை. தனி ஒருவர் இரண்டு மூட்டையோடு வந்து பேரம் பேச முடியாது. இருபது பேர் சரக்கு ஒன்றாய் வந்தால் பேசலாம். இதை நான் நூறு முறை கூட்டத்தில் சொல்வதைவிட, அங்கே ஒருமுறை நின்று பார்ப்பது மனத்திற் பதியும்.

நான்காவது இடம் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம். 1956-இல் தொடங்கப்பெற்ற முதல் மையங்களுள் சென்னை மையமும் ஒன்று. புதிய வடிவங்கள், சாயமிடும் முறைகள் ஆகியவற்றில் நெசவாளர்க்கு உதவுவதே அதன் வேலை. பதினைந்து நாட்களுக்கு முன்பே கடிதம் எழுதி நேரம் பெறுதல் வேண்டும். முன்னறிவிப்பின்றி 40 பேர் போய் நின்றால் எந்த அலுவலகத்திலும் கதவுதான் தெரியும்.

சில ஏற்பாடுகள்

எட்டுப் பேருக்கு ஒரு தலைவர் வீதம் ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர், கைபேசி வைத்திருப்பவர் இருவர். தங்குமிடத்தின் முகவரியும் குழுத் தலைவர் எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் மடியிலும் இருக்கட்டும். கைபேசி தொலையலாம், மின்சாரம் தீர்ந்து அணைந்தும் போகலாம். அன்றாடம் மருந்து உண்போர் மூன்று நாள் மருந்தை உடன் எடுத்துச் செல்க. அடையாள அட்டையின்றி வண்டி ஏறவேண்டா. பணம் இருவர் பொறுப்பில். ரசீது மூன்றாமவர் பொறுப்பில். கடைவீதிக்கு இரண்டாம் நாள் பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஒதுக்குக. முதல் நாளே ஒதுக்கினால், மூட்டை சுமந்துகொண்டு மற்ற இடங்களைப் பார்க்க நேரிடும்.

திரும்பிய பின்

பிரயாணத்தின் பயன் ஊர் திரும்பிய பிறகே தொடங்குகின்றது. பதினைந்து நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கு, செலவினப் பட்டியலோடு சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெறல் வேண்டும். மிஞ்சிய தொகை போட்டவர்க்கே திரும்ப வேண்டும். ஐந்து குழுக்களும் கண்டவற்றைப் பேரவையில் எடுத்துரைக்க வேண்டும். பெண்கள் குழுவின் அறிக்கையை முதலில் கேட்பது நன்று, ஏனெனில் கடையில் துணி வாங்குவோர் மனத்தை அவர்களே நன்கறிவர். பிறகு, நாம் மாற்றிக்கொள்ள வேண்டியவை எவையென இரண்டையேனும் தீர்மானமாக எழுதுக. ஒரு புதிய கரை மாதிரியாக இருக்கலாம். ஒன்றாகத் தரம் பிரித்து அனுப்பும் ஏற்பாடாக இருக்கலாம். ஓராண்டு கழித்து அத்தீர்மானம் நிறைவேறியதா என்று பாருங்கள். நிறைவேறியிருந்தால் அடுத்த பிரயாணத்திற்கு உங்களுக்கு உரிமை உண்டு. இல்லையேல் அடுத்த ஆண்டு ஊரிலேயே இருந்து, அதை முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

விருத்தாசலத்துத் தேரை ஒருவர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்ததில்லை. வடம் பிடித்த கைகள் பல. பிடித்தவர் அனைவரும் நடந்த வழியும் ஒன்று. கூட்டுறவுத் தேருக்கும் அதுவே முறை. நாற்பது பேர் தம் பணத்தில், தம் கணக்கோடு, தம் கண்களைத் திறந்துகொண்டு பட்டணம் சென்று வருவாராயின், சங்கத்தின் அடுத்த பேரவையில் கை தூக்குவோர் மட்டும் இரார்; கேள்வி கேட்போரும் இருப்பர். கேள்வி கேட்கும் அங்கத்தினரே சங்கத்தின் உண்மையான சேமநிதி. வைகாசி பிறந்ததும் முதல் நூறு ரூபாயைச் செலுத்தத் தொடங்குவோமாக.